இடப்பக்கம் ஆடிய சிவப்புத் துண்டு

நங்கையா, இன்று கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரியில் பரிசோதனைத் தாளைக் கொடுத்தார்கள். போன வருடம் இடது பாதி முழுக்கக் கறுப்பாக இருந்த படத்தில், நடுக்கோட்டை ஒட்டி ஒரு விரலகலம் சாம்பல் நிறமாகியிருக்கிறது. உங்களிடம் காட்டத்தான் முதலில் தோன்றியது. நீங்கள் தவறிப்போய் ஐந்து மாதமாகிவிட்டது.

மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, ஆஸ்பத்திரியில் கிடந்து நான் வீடு திரும்பிய அந்த வாரம். கைகாலுக்கு ஒன்றுமில்லை. இரண்டு கண்ணிலும் இடப்பக்கம் மட்டும் இல்லாமல் போயிருந்தது. பாதித் தோசையோடு எழுந்தவளை உட்காரவைத்துத் தட்டைத் திருப்பினீர்கள். என் வீட்டுக்காரர் உங்களிடம், “இனி இவளால ஆகாதுக்கா, மாட்டையெல்லாம் வித்துப்போடலாம்” என்றார். நான் அழுதேன். நீங்கள் உங்கள் தம்பியை ஒரு பார்வை பார்த்து, “ஆறு மாசம் பொறு” என்றீர்கள்.

டாக்டர் கம்ப்யூட்டரில் செய்யச் சொன்ன பயிற்சியை நீங்கள் மாட்டுக் கட்டுத்தறியில் சிவப்புத் துண்டை வைத்துச் செய்தீர்கள். எதிரே இருக்கும் தூணையே நான் பார்க்க வேண்டும்; என் இடப்பக்கம் நின்று நீங்கள் துண்டை ஆட்டுவீர்கள்.

“துண்டு மேல போவுதா, கீழ போவுதா?”

“ஒண்ணுமே தெரியலீங்க நங்கையா.”

“தெரியாட்டிப் போவுது கண்ணு. மனசுல படறதச் சொல்லு.”

“மேல.”

சரி என்றீர்கள். அடுத்ததும் சரி, அதற்கடுத்ததும் சரி. என்னைத் தேற்றப் பொய் சொல்கிறீர்கள் என்று கோபப்பட்டேன். தம்பியைக் கூப்பிட்டுச் சாட்சிக்கு நிறுத்தினீர்கள். அவர் நின்று பார்த்துவிட்டு, “அக்கா பொய் சொல்லல, புள்ள” என்றார். மாட்டை விற்கும் பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவில்லை.

டாக்டரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. “அந்த எடத்துல எல்லா செல்லும் சாகலீங்க. பொழச்சுக் கெடக்கறது கொஞ்சம் இருக்கு. பாக்கறது உங்களுக்குத் தெரியாமலே அது வேலை செய்யுது. விடாம வேலை குடுங்க” என்றார். மழை நாளிலும் நீங்கள் விடவில்லை. நான் தப்பாகச் சொன்னால் உங்களுக்குத்தான் முகம் வாடும்.

போன மாதம் வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்குத் தனியாகப் போனேன். இடப்பக்கமிருந்து ஒரு செவலைப் பசு கொம்பை வீசியது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் உடம்பு விலகிக்கொண்டது. திரும்பிப் பார்த்தேன். நல்ல மடி, சாது முகம், நிறைசினை. அதையே விலை பேசிப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்றுக் காலை அது கன்று போட்டது. நான் தண்ணீர்த் தொட்டியருகே நின்றேன். கன்று எனக்கு இடப்பக்கம். நிறம் தெரியவில்லை, முகம் தெரியவில்லை. எழுந்திருக்கப் பார்த்து அது தள்ளாடியது மட்டும் தெரிந்தது. தலையைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன்.