சூரியன் திரும்பியதை அப்பாவிடம் சொல்லவில்லை

முருகன் துணை

கீரனூர்,
மார்கழி 19, சனிக்கிழமை

என் மகன் வெற்றிசெல்வனுக்கு, அம்மா மீனம்மாள் எழுதுவது. நீ இருக்கும் ஊர் வெயிலும் காற்றும் உன்னை நோகாமல் வைத்திருக்க முருகனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன்.

நேற்று காலை நம் நடுவீட்டில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். கட்டிலில் உன் அப்பா, கண்ணை மூடியபடி. கால்மாட்டில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்ட உன் செவந்தி அத்தை. மிச்சமிருந்த புது வருஷ கேக்கைத் தட்டில் ஏந்தி வாசற்படியில் நின்ற பக்கத்து வீட்டு ஜெரால்டு சார். சாமி படச் சுவரோரம் குங்குமச் சிமிழோடு நான். வேறு யாரும் இல்லை. அப்போது நடந்தது என்னவென்று புரிந்தது எனக்கும் சாருக்கும் மட்டும்தான். அப்பாவுக்கும் அத்தைக்கும் தெரியாது. நீ பதில் சொல்லும்வரை தெரியவும் கூடாது.

போனில் சொல்லாமல் இதை ஏன் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நம் வீட்டில் எங்கே நின்று பேசினாலும் அப்பா காதில் விழும். நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். அதனால் எழுதி, சாரிடம் கொடுத்து, போட்டோ பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன்.

அப்பாவுக்கு இப்போது கஞ்சித் தண்ணீர் மட்டும்தான் இறங்குகிறது. இனி வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று சொன்ன நாளில் திருச்சி டாக்டர் கொடுத்த வலி மருந்து பாட்டில் திறக்காமல் அலமாரியில் இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறார், அதைத் தொடமாட்டேன் என்கிறார். ஏன் தெரியுமா? கார்த்திகை பிறந்ததும் அவர் கஞ்சியையும் தள்ளிவிட்டு, போதும் மீனம்மா, என்னை விட்டுரு என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். தட்சிணாயனத்தில் போகக் கூடாதுங்க, பீஷ்மரே அம்புப் படுக்கையில் கிடந்து உத்தராயணத்துக்குக் காத்திருந்தார், தை பிறந்து சூரியன் வடக்கே திரும்பட்டும் என்றேன். எனக்கு அது வெறும் சாக்கு இல்லை, நான் நம்புவதும் அதுதான். ஆனால் சொன்னது தைக்குள் நீ வந்துவிடுவாய் என்ற ஆசையில்.

அவர் அதைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷம் பஸ்ஸில் விசில் அடித்தவர் இல்லையா. "சரி, நம்ம ஸ்டாப்பு தை ஒண்ணு. அதுக்கு முன்னாடி நான் விசில் அடிக்க மாட்டேன். ஆனா அந்த மருந்தக் குடிச்சாத் தூங்கிருவேன் புள்ள, தூக்கத்துல ஸ்டாப்பத் தப்ப விட்ருவேன்" என்றார். அன்றிலிருந்து மருந்து வேண்டாம்.

அதோடு விட்டாரா? வண்டி எங்கே போகுதுன்னு எனக்குத் தெரியணும், கணக்குக் காட்டு என்றார். கிழக்கு ஜன்னலின் மரக் கதவில் ஆணி விழுந்த ஓட்டை ஒன்று உண்டே, அதன் வழியாகக் காலை வெயில் ஒரு காசளவுக்கு எதிர்ச் சுவரில் விழும். வெள்ளிக்கிழமைதோறும் குளித்து விளக்கேற்றி, அந்த வெளிச்சக் காசு சுவரைத் தொட்டதும் அதன் நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். சூரியன் தெற்கே போகப்போக, காசு சுவரில் வலப்பக்கமாக, வடக்கே நகர்ந்தது. முதலில் நாலு விரல், பிறகு மூன்று விரல். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, காசு தெரியும், பொட்டு தெரியாது. நான் அளந்து சொல்வேன். "அப்ப வண்டி நார்த்தாமலை தாண்டிருச்சு" என்று தன் பழைய ரூட்டில் உள்ள ஊரைச் சொல்வார். அடுத்த வாரம் கீரனூர் வந்துருச்சு என்பார். அன்றைக்கெல்லாம் முகத்தில் கொஞ்சம் களை இருக்கும். நகர்வது ஒரு விரலாகக் குறைந்தபோது, "மாத்தூர்ல கூட்டம் ஏறுது போல, வண்டி உருளுது" என்று அவர் சிரித்ததில் அத்தையும் சிரித்துவிட்டார்.

நேற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை புதுப்பொட்டு பழைய பொட்டின் மேலேயே விழுந்தது. என் கைதான் தவறிவிட்டது என்று நினைத்தேன். நேற்று காசு இடப்பக்கம் வந்திருந்தது, ஒரு விரலுக்கும் கூடுதலாக. மார்கழி இன்னும் முடியவில்லை, சூரியன் திரும்பிவிட்டது. ஜெரால்டு சாருக்கு நான் ஏன் பொட்டு வைக்கிறேன் என்று தெரியும். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வந்தார். நான் உதட்டில் விரல் வைத்தேன். கட்டிலிலிருந்து, கண்ணைத் திறக்காமலே, "திரும்பிருச்சா?" என்று அப்பா கேட்டார். இல்லைங்க, இன்னும் இல்லை என்றேன். குங்குமம் கையிலிருக்க, முருகன் படத்தின் முன்னால் நின்று பொய் சொன்னேன்.

பிறகு கொல்லைப்பக்கம் துவைக்கிற கல்லருகே சாரிடம் கேட்டேன், என் கணக்கில் எங்கே பிழை என்று. பிழை இல்லக்கா என்றார். எலுமிச்சம்பழத்தில் ஈர்க்குச்சியைக் குத்தி, சாய்த்துப் பிடித்து, அங்கிருந்த வெந்நீர் அடுப்பைச் சூரியன் என்று வைத்துக்கொள்ளச் சொல்லி, அதைச் சுற்றி நடந்து காட்டினார். பூமி அந்தச் சாய்வை மாற்றாமலே சுற்றுவதால்தான் ஆறு மாதம் நம் பக்கம் வெயில் நேராக விழுகிறதாம், ஆறு மாதம் பூமியின் தெற்குப் பாதியில் இருக்கும் உன் பக்கம் விழுகிறதாம். சூரியன் திரும்புவது டிசம்பர் இருபத்திரண்டு வாக்கிலாம். அப்ப நம்ம பஞ்சாங்கம் பொய்யா சார் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தை முதல் நாளை உத்தராயணம் என்று வைத்த காலத்தில் இரண்டும் ஒரே நாளில்தான் இருந்ததாம். வேகம் குறைந்த பம்பரத்தின் தலை ஆடுமே, அப்படிப் பூமியின் தலையும் மெதுவாக ஆடுகிறதாம், ஒரு சுற்றுக்குப் பல ஆயிரம் வருஷமாம். அந்த ஆட்டத்தில் திரும்பும் நாள் கொஞ்சம் கொஞ்சமாய் மார்கழிக்குள் நழுவி வந்துவிட்டதாம். "எங்க கிறிஸ்துமஸ் பண்டிகைக்கே திரும்பிருதுக்கா, நீங்கதான் பொங்கல் வரைக்கும் காத்திருக்கீங்க" என்றார். சொன்ன பிறகு அவர் முகமும் வாடிவிட்டது.

மனம் ஆறாமல் பரணிலிருந்து உன் பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அப்படித்தான் இருக்கிறது. சூரியன் படத்துக்கு நீ மீசை வரைந்து வைத்திருக்கிறாய்.

சார் இன்னொன்றும் சொன்னார், இந்த வாரம்தான் பூமி சூரியனுக்கு ஆகக் கிட்டத்தில் இருக்கிறதாம். அப்புறம் ஏன் சார் இப்படிப் பனி கொட்டுது என்று கேட்டேன். கிட்ட எட்ட என்பதில் ஒன்றும் இல்லையாம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறோம் என்பதுதானாம்.

இன்று திருவாதிரை. களி கிண்டினேன், ஒரு பருக்கை அப்பா நாக்கில் வைத்தேன். விடிந்ததுமே ஜன்னல் ஓட்டையில் பழைய துணியைத் திணித்துவிட்டேன். "இன்னிக்குக் காசு வரலையே" என்று கேட்டார். பனிமூட்டம் என்றேன். அத்தைக்கு மனம் கேட்கவில்லை. "என்ன மதினி இப்படி இருட்டா வச்சிருக்கீங்க, அண்ணனுக்கு நல்ல வெயிலு மேல படட்டும்" என்று ஜன்னலையே திறக்கப் போனார். நான் சத்தம் போட்டுவிட்டேன். கண் கலங்கிப் போய்விட்டார், பாவம்.

சாயங்காலம் கிழக்கே முழு நிலா, பக்கத்தில் சிவப்பாய்த் திருவாதிரை நட்சத்திரம். உன் ஊரில் நிலா தலைகீழாகத் தெரியும் என்றார் சார். நீயும் பார்த்திருந்தால் சொல்.

இப்போது என் நிலை இதுதான். சூரியன் திரும்பிருச்சுங்க என்று நான் ஒரு வார்த்தை சொன்னால், அப்பா அந்த மருந்தைக் குடிப்பார். வலி அடங்கித் தூங்குவார். தூங்கினால் எழுந்திருப்பாரா என்று டாக்டரே சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் தை வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார், அதற்குள் நீ வந்து பார்க்கலாம். அவர் முனகும்போதெல்லாம் அந்த வார்த்தை என் தொண்டை வரை வருகிறது. உன் முகத்தை நினைத்து விழுங்கிக்கொள்கிறேன். யாருக்காக யாரை வதைக்கிறேன் என்று தெரியவில்லை. சாமியிடம் கேட்டால் சாமி பேசவில்லை. சாமியின் கணக்கு பஞ்சாங்கத்தில் இருக்கிறதா, சுவரில் இருக்கிறதா என்றும் எனக்குத் தெரியவில்லை.

விசா பேப்பர் கைக்கு வருமுன் கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. இத்தனை வருஷம் வெல்டிங் நெருப்பில் வெந்து பிடித்த இடத்தை விட்டுவிட்டு வா என்று எந்த வாயால் சொல்வேன்? அதனால் வா என்று எழுதவில்லை, வராதே என்றும் எழுதவில்லை. அப்பா உன்னைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. நேற்று மட்டும், "அவன் ஊர்ல மத்தியானம் சூரியன் வடக்க நிக்குமாம்ல, அப்ப அவனப் பாத்துட்டுத்தான் இந்தப் பக்கம் திரும்பும்" என்றார்.

பொங்கலுக்குள் வந்து சேர முடியும் என்றால் ஆம் என்று மட்டும் எழுது. துணி ஓட்டையிலேயே இருக்கட்டும், அந்தப் பாவத்தை நான் சுமக்கிறேன். முடியாது என்றால் தயங்காமல் அதையும் எழுது. உன் மேல் யாருக்கும் வருத்தமில்லை, அப்பா சார்பிலும் நானே சொல்கிறேன். துணியை எடுத்துவிட்டு, அவர் கையைப் பிடித்துச் சொல்லிவிடுகிறேன்.

எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் சாமி. வேளைக்குச் சாப்பிடு. போன் பண்ணாதே, எழுத்தில் அனுப்பு. சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
மீனம்மாள்