பிரேக் நன்றாகப் பிடிக்கும் எலும்புகள்

அடியே,

இன்று காலை குருத்தெலும்புக்குச் சாயம் ஏற்றும்போது சிவப்பு என் விரலில் ஒட்டிக்கொண்டது. நீ முதன்முதலாக என் ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது இதே சாயத்தைச் சேலையில் சிந்திக்கொண்டு, "பரவால்லடி, பொட்டுப் போட்ட சேலைன்னு சொல்லிக்கிறேன்" என்று சிரித்தாய்.

ராகலையில் ஒரே வகுப்பில் படித்தோம். நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். உன் கைகால்கள் மட்டும் குட்டையாகவே நின்றுவிட்டன. பிறகு நான் எலும்பு எப்படி வளர்கிறது என்று ஆராயக் கண்டிக்குப் போனேன். நீ ஆஸ்பத்திரி ஒன்றில், சிங்களம் தெரியாத நம் தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்கு டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்லும் வேலையில் சேர்ந்தாய்.

நீ ஆய்வுக்கூடத்துக்கு வந்த அன்று மைக்ரோஸ்கோப்பில் உனக்கு வளர்ச்சித் தகட்டைக் காட்டினேன். எலும்பின் நுனியில் இருக்கும் மெல்லிய குருத்தெலும்பு அது. செல்கள் வரிசையாக அடுக்கி நின்று, பருத்து, கடைசியில் எலும்புக்கு இடம்விடும். எந்தக் கட்டத்தில் எந்த மரபணு விழிக்கிறது, எது ஓய்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை.

"இது யாரோடது?" என்று கேட்டாய்.

வயிற்றிலேயே இறந்துபோன குழந்தையுடையது, தாய் சம்மதித்துக் கொடுத்தது என்றேன். கண்ணை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றாய். அப்புறம்தான் உன்னைப் பற்றிக் கேட்டாய்.

"என்னோட ஜீன் பழுதாப் போச்சா?"

"இல்லடி. வளர்ச்சி எல்லை மீறாம புடிக்கிற பிரேக் அது. எல்லாருக்கும் இருக்கு. உனக்குக் காலை எடுக்காம அழுத்திக்கிட்டே இருக்கு."

"அப்ப நல்லதுதானே? நம்ம ரோட்டுல பிரேக் புடிக்காத பஸ்லதான் ஏறக்கூடாது."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அடுத்த மாதம் உன் ஆஸ்பத்திரிக்கு என்னை அழைத்தாய். ஓர் இளம் தாய்க்கு உன்னைப்போலவே ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. கிரகணம் பார்த்த பாவம் என்று மாமியார் சொன்னாராம். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கணவன் வராந்தாவை விட்டு உள்ளே வரவில்லை.

"தங்கச்சி, இவ எலும்பப் பத்திப் படிச்சவ. கேளுங்க, யாரு தப்புன்னு" என்றாய்.

யாருடைய தப்பும் இல்லை என்றேன். மரபணுவில் ஓர் எழுத்துத் தானாக மாறியிருக்கிறது. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவள் மெல்லத் திரும்பினாள்.

நீ வராந்தாவுக்குப் போய் அந்த மனிதரின் முன்னால் நிமிர்ந்து நின்றாய். "அண்ணே, என்னய நல்லாப் பாருங்க. பஸ் ஏறி வேலைக்கு வர்றேன், சம்பளம் வாங்குறேன், புடிக்காதவங்களோட சண்டையும் போடுறேன். ஒங்க மகளும் போடுவா. வாங்க, தூக்குங்க."

அவர் உள்ளே வந்து குழந்தையைத் தூக்கினார். நானோ உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரெல்லாம் வெறித்துப் பார்த்த உடம்பை ஒரு குழந்தைக்காக நீயே முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாய். அந்தத் தைரியம் எனக்கு எந்தப் படிப்பிலும் வந்திருக்காது.

போன மழைக்காலத்தில் நிமோனியா உன்னைக் கொண்டுபோய்விட்டது. கடைசியாக வார்டில் பேசியபோது, அந்த பிரேக்கைத் தளர்த்தும் மருந்து வெளிநாட்டில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள் என்றேன்.

"இங்க வந்தா யாருக்குக் குடுப்பாங்க?"

"வேணும்னு கேக்குறவங்களுக்கு."

மூச்சு வாங்கியபடி சொன்னாய்: "வேணாங்கிறவங்களையும் ஒக்கார வச்சுப் பேசுங்கடி. தொரத்திடாதீங்க."

இன்று மத்தியானம் உன் ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பி, கொத்மலையிலிருந்து ஒரு தம்பதி உன்னைப்போலவே பிறந்த கைக்குழந்தையோடு என்னைத் தேடி வந்தார்கள். மருந்தைப் பற்றித் தெரிந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "எம்புள்ள இப்படியே இருந்தா என்னங்க?" என்றாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டேன். "ஒண்ணுமில்லங்க. ஒக்காருங்க, பேசுவோம்."