முப்பத்தொன்பதுக்கு அடுத்தது

கரசு கிராமம்,
பிப்ரவரி, திங்கள் பகல்

அன்புள்ள எர்போலுக்கு,

உன் எண்ணெய்க் கிணற்றின் இரைச்சலுக்கு நடுவே இந்தக் கடிதம் உன்னை நல்ல உடம்போடு, காய்ந்த காலுறையோடு கண்டுபிடிக்கட்டும். இங்கே எல்லோரும் நலம். சாம்பல் குதிரைக்கு இருமல் நின்றுவிட்டது. கிணற்றுக் கயிறு அறுந்தது, புதிதாகப் போட்டாயிற்று.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். இந்த வீட்டில் போன் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசவேண்டும். ரஹிமா பெரியம்மா வேலியைத் தாண்டிவந்து உட்கார்ந்துகொள்வாள். நான் சொல்லப்போவது உனக்கு மட்டும்.

அத்திரா நகரத்தில் வாடகைக்குப் பார்த்திருக்கும் வீட்டைப் பற்றி, மாத முடிவுக்குள் சரி அல்லது வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் பதில் கேட்டாய். போன மாதம் அழுதுகொண்டே உன்னிடம் சொன்னவள் நான்தான்: "உங்க வீட்டுல நான் எட்டு மாசமா விருந்தாளியா இருக்கேன்" என்று. அதற்காகத்தான் நீ வீடு தேடினாய் என்று தெரியும். ஆனால் சனிக்கிழமை ஒன்று நடந்தது. பொறு, முறையாகச் சொல்கிறேன்.

மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது எனக்குத் தெரிந்ததுதான். நகரத்தில் வளர்ந்தாலும் நானும் கசாக் பெண்தானே. ஆனால் உன் தாத்தா, தன் வயதின் எண்ணையே பிள்ளைக்குப் பெயராக வைத்தாரே, வரப்போகும் மருமகள் ஒருநாள் கடையில் முட்டை வாங்க வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாரா? எட்டு மாதமாக "முப்பதும், இன்னொரு பத்தும் குடுங்க" என்றுதான் கேட்கிறேன். கடைக்காரர் வேண்டுமென்றே, "ஆக மொத்தம் எத்தனைம்மா?" என்பார். வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் என் வாயையே பார்ப்பார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. உன் அப்பா என்னிடம் நேராகப் பேசியதே இல்லை. டீ வேண்டுமென்றால் நாயைப் பார்த்து, "இந்த வீட்டுல டீ இருக்கும்னு நினைக்கிறியா?" என்று கேட்பார். நாய் வாலாட்டும். நான் டீ கொண்டுபோய் வைப்பேன். எட்டு மாத உறவு இவ்வளவுதான்.

சனிக்கிழமை, ஸெய்த்காலியின் அண்ணன் குழந்தைக்கு முப்பதும் பத்தும் நாள் நிறைந்த விருந்து. வெள்ளி மோதிரங்கள் போட்ட தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் குழந்தை மேல் ஊற்றினோம். ரஹிமா பெரியம்மா குறும்பாகக் கரண்டியை என் கையில் கொடுத்து, "எண்ணிக்கிட்டே ஊத்து" என்றாள். முப்பத்தொன்பது வரை சத்தமாக எண்ணினேன். கடைசிக் கரண்டிக்கு, "அதுக்கு அடுத்தது" என்றேன். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குழந்தை மட்டும்தான் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு, ஆண்களும் பெண்களும் ஒரே விரிப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். குதிரைக்கறி வாடை எனக்கு ஆகவில்லை, ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டேன். ஸெய்த்காலி தோம்ப்ராவை எடுத்து அதன் இரண்டு தந்திகளையும் மீட்டினான். உன் சித்தப்பா மகன் வாய் உனக்குத் தெரியுமே. "அண்ணி, லைப்ரரி புஸ்தகம் எல்லாத்தையும் படிச்சு முடிச்சாச்சாமே. ஒரு பாட்டாவது உள்ள தங்குச்சா, இல்ல தூசிதானா?" என்று ஆரம்பித்தான். கொழுந்தன் சீண்டினால் அண்ணி பதில் பாடியே ஆகவேண்டும். அவன் வைத்த பந்தயம்: ஒவ்வொரு பாட்டிலும், எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒரேமாதிரி ஒலிக்கிற ஒரு சொல் வரவேண்டும். சொல் தீர்ந்தவர் தொப்பியை உள்வெளியாக மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றிவர வேண்டும்.

அவன் அண்ணனைப் பிடித்துக்கொண்டான். ஆகா என்றால் அண்ணன்: ஆ-க்-ஆ.

"முன்னால் போனால் ஆகா, பின்னால் வந்தால் ஆகா,
எந்தப் பக்கம் உருட்டினாலும் எழுந்திருக்கமாட்டார் ஆகா!"

அவன் அண்ணன் உண்மையிலேயே சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்தார். சிரிப்பில் எழுந்துவிட்டார். நான் தம்பியைப் பிடித்தேன். இனி என்றால் தம்பி: இ-ன்-இ.

"தலைகீழாய் நின்றால் இனி, நேராக நின்றால் இனி,
பாடிப் பாடிக் கறி ஆறுது, வாயை மூடு இனி!"

பெண்கள் பக்கம் ஒரே கூச்சல். எர்போல், சொன்னால் நம்பமாட்டாய், எனக்கு அது பிடித்திருந்தது. நான் தனியாகக் காகித ஓரங்களில் கிறுக்கி, யாருக்கும் காட்டாமல் கிழித்துப்போடும் விளையாட்டு அது. அதை இருபது பேர் கைதட்டிக் கேட்கிறார்கள். ஆபா என்றான், அக்கா. ஏனே என்றேன், மாமியார். ஆதா என்றான், தாத்தா. நம் உறவுப் பெயர்களில் பாதி எந்தப் பக்கம் திருப்பினாலும் அசையாமல் நிற்பவை. அப்போது அவன் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு இதைப் பாடினான். கெலினையும், அதாவது மருமகளையும், உள்ளே இழுத்துவிட்டான்:

"ஆதா திரும்பினால் ஆதா, ஆபா திரும்பினால் ஆபா,
கெலின் திரும்பினால் நிலெக், நிலெக் என்றால் யாரப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். வேடிக்கைக்குத்தான் பாடினான், அவன் மேல் குற்றமில்லை. ஆனால் எனக்கு அது எங்கே போய்க் குத்தியது என்று உனக்குத் தெரியும். இந்த வீட்டில் திருப்பிப்போட்டால் யாருமில்லாமல் போகிறவள் நான் ஒருத்திதான் என்று பாட்டிலேயே சொல்லிவிட்டான். தோம்ப்ரா நிற்கவில்லை. நான் யோசிக்கவில்லை. வாய் தானாகப் பாடியது:

"மலைப்பக்கம் பார்த்தால் கிரிக், மனைப்பக்கம் பார்த்தால் கிரிக்,
எந்தப் பக்கம் வந்தாலும் என் வீட்டு வாசலில் கிரிக்!"

க்-இ-ர்-இ-க். நாற்பது. உன் அப்பாவின் பெயர். இருபது பேர் நடுவில், அவர் எதிரிலேயே.

தோம்ப்ரா நின்றது. ரஹிமா பெரியம்மா கையிலிருந்த டீக்கிண்ணம் பாதி வழியில் நின்றது. "அடி பாவி" என்று யாரோ மெல்லச் சொன்னது கேட்டது. உன் அப்பா எழுந்தார், தொப்பியை எடுத்தார், வெளியே போய்விட்டார்.

நான் பின்னாலேயே ஓடினேன். பனியில் அவருடைய காலடித் தடத்திலேயே கால் வைத்து நடந்தேன். மனதுக்குள் உன் அத்திரா வீட்டுக்குப் பெட்டி கட்டிக்கொண்டே வந்தேன். லாயத்தில் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் திரும்பாமலே, "இன்னொரு தடவை பாடு" என்றார்.

நான் லாயக் கதவைப் பின்னால் சாத்தினேன். "பாடும்மா. கடைசி வரி."

பாடினேன். குதிரையின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு பேசினார். நாயிடம் இல்லை, என்னிடம். அப்படியே எழுதுகிறேன்.

"எங்கம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டா. அப்புறம் எங்கண்ணன் கூப்பிட்டான். அவன் போயி பத்தொம்பது வருஷம் ஆச்சு. உன் மாமியார் கடைசிவரைக்கும் 'ஏ மனுஷா'ன்னுதான் சொன்னா, ரஹிமா 'சின்னவரே'ங்கறா. எனக்குச் சின்னவங்க யாரும் சொல்லமாட்டாங்க, பெரியவங்க யாரும் மிச்சமில்ல. ஆஸ்பத்திரில கூட குடும்பப் பேரைத்தான் கத்தறாங்க. ஒருநாள் ராத்திரி நானே சொல்லிப் பாத்தேன். நல்லா இல்ல."

நான் அழுதுவிட்டேன். அவர் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "ஊர்ல வேண்டாம், சிரிப்பாங்க. வீட்டுக்குள்ள, வாரத்துக்கு ஒரு தடவை பாடு. அப்புறம், முட்டை வாங்கறப்ப நேரா கேளு. எட்டு மாசமா அந்தக் கடைக்காரன் நம்ம வீட்டைப் பாத்து சிரிக்கறான்."

நேற்றுக் காலை ஸெய்த்காலி தொப்பியை உள்வெளியாக மாட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தான். "அண்ணி, இதுக்கு மேல சொல்லு யார்கிட்ட இருக்கு? நான் தோத்தேன்" என்றான். இன்று காலை உன் அப்பா என்னைப் பார்த்து, "மகளே, டீ இருக்கா?" என்று கேட்டார். நாய்க்கு மனவருத்தம். அதற்கு ஒரு எலும்பு போட்டேன்.

நீ ஒரே வார்த்தையில் கேட்ட பதில்: வேண்டாம். எனக்காக அலைந்து தேடினாயே, அதற்கு நான் என்றும் நன்றியோடு இருப்பேன். ஆனால் என்னை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போகாதே. நீதான் இங்கே வரவேண்டும்.

வரும்போது ஒரு வெள்ளிக் கரண்டி வாங்கி வா. பெரிதாக வேண்டாம், சின்னக் கைக்கு அடங்குகிற மாதிரி. அவசரமில்லை, கரண்டி இலையுதிர் காலத்துக்குள் வந்தால் போதும். ரஹிமா பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எண்ணுவதற்கு இனி யாரும் வேண்டாம்; இப்போது நானே நாற்பது வரை எண்ணுவேன்.

உன் பாதை வெண்மையாக இருக்கட்டும். சீக்கிரம் வா.

உன்,
ஸெய்னெப்