சீல் வைத்த அறையில் நீ இல்லை

என் புஷ்பக்கா,

கல்லறைத் திருநாளன்று உன் தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றியபோது நான் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் அம்மா நின்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

வெடிவிபத்தில் நீ செத்துப்போன பட்டாசுக் கம்பெனிக்குச் சீல் வைத்துவிட்டார்கள். மழை முடிந்து, காம்பவுண்டுக்குள் கருவேலம் முளைத்த பிறகு, உச்சிவெயிலில் உள்ளேயிருந்து சத்தம் கேட்க ஆரம்பித்தது. யாரோ இருமுவார்கள். சில நாள் ஒரு பெண்குரல் முனகுகிற மாதிரி பாடும். ஆடு மேய்க்கிறவர்கள் அந்தப் பக்கம் போவதையே விட்டார்கள். "புஷ்பம்தான். சாகுறப்ப கையில வேலை பாக்கி இருந்துச்சுல்ல" என்றது ஊர். கம்பெனிக்காரரின் ஆள் ஒருவர் கேட்டில் எலுமிச்சம்பழம் கட்டி, "யாரும் கிட்டப் போயிராதீக" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா மட்டும் போனாள். தூக்குவாளியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுபோய்ப் பின்சுவர் ஓரம் வைப்பாள். சாயங்காலம் வாளி காலியாக, கழுவிக் கவிழ்த்திருக்கும். "எம்புள்ள சாப்பிடுறா, மேரி" என்பாள். உன்னைப் புதைத்த பிறகு அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. எனக்கோ அந்தக் கவிழ்த்த வாளியைத் தொடவே பயமாக இருந்தது. நீயும் அப்படித்தானே கவிழ்ப்பாய்?

பிறகு ஒருநாள், நான் நர்சாக இருக்கும் சுகாதார நிலையத்துக்கு உன் கூட்டாளி பாண்டியம்மா வந்தாள். முழங்கையில் தீக்காயம். அடுப்பில் பட்டது என்றாள். துடைத்த பஞ்சில் வெள்ளி மினுங்கியது, பட்டாசு மருந்தில் சேர்க்கிற அலுமினியப் பொடி. எந்த அடுப்பில் அக்கா அது இருக்கும்?

மறுநாள் மத்தியானம் அம்மாவுக்கு முந்திப் போய், பின்சுவர் இடிந்திருந்த இடத்தில் எட்டிப் பார்த்தேன். நீ செத்த அறைதான். கூரை இல்லை, சுவரெல்லாம் கரி. உள்ளே நாலு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முகம், புருவம், கண்ணிமை எல்லாம் சாம்பல் நிறம். கைகள் மட்டும் வெடிக்குழாயில் மருந்து அடைத்துக்கொண்டிருந்தன. ஒருத்தி மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரு கணம் நீதான் என்றே நினைத்தேன்.

"மேரி, நான் பாண்டியம்மா," என்றது அந்த முகம். "யார்ட்டயும் சொல்லிராத. நாங்க பேயாவே இருந்துட்டுப் போறோம்."

"எங்க அக்கா செத்த இடம் இது."

"தெரியும். அவ மேலதான் உக்காந்திருக்கோம். வெடிச்ச கம்பெனி ஆளுன்னு வேற யாரும் வேலை தர மாட்டேங்காக. எங்கன போக?"

உயிரோடு வீடு திரும்புவது அவர்கள் உரிமை, பார்த்ததைச் சொல்வது என் கடமை. எழுதும்போது எளிதாக இருக்கிறது. அன்று கலெக்டர் ஆபீஸ் நம்பரை மூன்று முறை அழுத்திய பிறகுதான் பேசினேன். பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம் என்றார்கள். பெயரில்லாத குரலை யார் நம்புவார்கள்? என் பெயரைச் சொன்னேன். உன் பெயரையும் சொன்னேன்.

அதிகாரிகள் வந்து மருந்தையெல்லாம் எடுத்துப்போனார்கள். சீல் வைத்த இடத்தில் வேலை வாங்கியதற்காகக் கம்பெனிக்காரர் மேல் புது வழக்குப் போட்டார்கள். நாலு பேரும் உயிரோடு வீட்டுக்கு நடந்தார்கள். பாண்டியம்மா என் வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். ஆனால் கிராமசபையில் நான் எழுந்து அவர்களுக்குப் பாதுகாப்பான வேலை கேட்டபோது, என் முகத்தைப் பார்க்காமலே பக்கத்தில் வந்து நின்றாள். எம். புதுப்பட்டியில் லைசென்ஸ் உள்ள ஒரு கம்பெனியில் இரண்டு பேரை எடுத்திருக்கிறார்கள். அவளை இன்னும் எடுக்கவில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சோறு சாப்பிட்டது யார் என்பதையும். தூக்குவாளியைக் கழுவி எடுத்து வைத்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப எம்புள்ள எங்கன இருக்கா?"

இதற்கு நான் எந்த ஆபீசில் போய்ப் பதில் கேட்பேன், அக்கா?

வழக்கின் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போவேன். அங்கே உன் பெயரை வாசிக்கும்போது எழுந்து நிற்பேன்.

உன் கூடப்பிறந்தவள்,
மேரி