மோடத்துக்குள் மாமாவின் இழுப்பு

மனித அறிவின் மகத்தான வெற்றியான கம்ப்யூட்டர் நம் கூடத்து மேசைமேல் வீற்றிருக்கிறது. அதில் இன்டர்நெட்தான் இன்னும் வரவில்லை.

"தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க"ன்னு நீ சொன்னதற்கு, "எனக்குத் தெரியாததா?"ன்னு கத்தினேன். அதிலிருந்து நீ என்னோடு பேசுவதில்லை.

நேற்று நீ கடைக்குப் போனதும் மறுபடி டயல் செய்தேன். மோடம் கீச்சிட்டு, இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது. பிறகு பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் மெதுவாகக் கேட்டது: "ஏங்க, நீங்களா? அங்க போயுமா இந்த இழுப்பு நிக்கல?"

அது உன் அம்மா குரல். இன்டர்நெட் கம்பெனி எண்ணைப் போட வேண்டிய இடத்தில் அவர் வீட்டு எண்ணைப் போட்டிருக்கிறேன். இழுப்பு வந்து செத்துப்போன மாமாதான் தினமும் கூப்பிடுகிறார் என்று அத்தை நம்பிக்கொண்டிருக்கிறார்.

இன்று காலை அத்தையே போன் செய்தார். "சாயங்காலம் நேர்ல வரேன் மாப்ளே, இது போன்ல சொல்ற விஷயமில்ல."

நான் வர நேரமாகும். சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன். மோடத்தை ஒளித்துவை. அவரிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. என்மேல் உள்ள கோபத்தை அப்புறம் தொடரலாம்.

பி.கு.: ஒன்று விட்டுப்போயிற்று. அவர் "நீங்களா?" என்று கேட்டதும், பயத்தில் நான் ரிசீவரை எடுத்து "ஆமா" என்று சொல்லிவிட்டேன்.