போடியார் வாங்காத நாணயம்

வெள்ளிக்கிழமை.

இன்று கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது, வயல்காரப் போடியார் நான் கொடுத்த மிச்சக் காசைத் திருப்பி நீட்டினார். அது புதிதாக வந்த நினைவு நாணயம்.

"இது கள்ளக் காசு, கடைக் காக்கா. அரசாங்க முத்திரையக் காணல்ல, நெற்கதிர் கீறிக் கிடக்கு. பழசத் தாங்க."

"உங்கட வெள்ளாமைக்கு மரியாதையாத்தான் கதிர் போட்டிரிக்கி, போடியார்! மற்றப் பக்கம் பெறுமதி இரிக்கி, பாருங்க."

மேசை லாச்சியில் பழைய காசு கிடந்தது. மாற்றிக் கொடுத்தால், கள்ளக் காசு கொடுத்தவன் என்று நானே ஒப்புக்கொண்டதாகும். கொடுக்கவில்லை. போடியார் நாணயத்தை மேசையில் எறிந்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்.

போகட்டும். நாளைக்கு வாசலில் பெரிதாக எழுதி வைப்பேன்: கதிர்க் காசு இங்கே செல்லும். பஸ்ஸில் வாங்க மறுத்த காசையும் சனங்கள் கொண்டு வரட்டும், சாமானோடுதான் திரும்புவார்கள். போடியார் வந்தால் அவருக்கும் மிச்சம் கதிரில்தான்.