துருப்பிடிக்காதவன் சொன்ன யோசனை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், படியேறும்போது என் முழங்கால் மட்டும் கொஞ்சம் முணுமுணுக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, முகம் வாடாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். தினமும் ஃபோனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று பதறிவிடாதே, கெட்ட செய்தி எதுவும் இல்லை. இதை ஃபோனில் சொல்ல முடியாது, ஏன் என்று படித்துக்கொண்டு வரும்போது உனக்கே புரியும்.

போன தடவை வந்திருந்தபோது பொழுது போகும் என்று என்னை ஃபோனில் அந்த 'கேட்டால் சொல்வோம்' குரூப்பில் சேர்த்துவிட்டுப் போனாய் அல்லவா, நன்றாகவே போகிறது, சில நாள் தைக்க வேண்டிய நேரமும் சேர்ந்து போகிறது. அங்கே என் பெயர் 'ஊசிநூல்'. சட்டையில் எண்ணெய்க் கறை பட்டால் என்ன செய்வது என்று ஒருத்தர் கேட்பார், மூன்று பேர் ஒழுங்காகப் பதில் சொல்வார்கள், நாலாவது ஆள் சட்டை முழுக்க எண்ணெயில் முக்கிவிட்டால் கறை தெரியாது என்பார், ஐந்தாவது ஆள் இது சிரிக்கிற விஷயமா என்று சண்டைக்கு வருவார், கடைசியில் கறையைக் கேட்டவர் காணாமல் போயிருப்பார். ஆனாலும் எனக்கு அந்தக் கூட்டத்தைப் பிடித்திருக்கிறது. முகம் தெரியாதவர்கள்தானே, மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறார்கள், சொந்தக்காரர்கள் மாதிரி நம் முகத்தைப் பார்த்துப் பாதியை விழுங்குவதில்லை.

அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்பது உனக்கும் அரைகுறையாகத் தெரியும். சாவிக்கடையில் அந்த அரைக்கிற மெஷினுக்குப் பக்கத்திலேயே ஆயுள் முழுக்க உட்கார்ந்தால் காது என்ன ஆகும். பால் பொங்குகிறது, அடுப்பை அணையுங்கள் என்று கத்துவேன், கால் வீங்கினால் டாக்டரிடம் காட்ட வேண்டியதுதானே என்பார். அதுவரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. ஒரு நாள் சட்டைத் தோள் தையல் பிரிந்து வந்து நின்றார், கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டது என்றார். எது மாட்டிக் கிழிந்தது, எது இழுத்துக் கிழிந்தது என்று ஒரு தையல்காரிக்குத் தெரியாதா. மறுநாள் அவர் கடைக்கு எதிரில் இருக்கிற மருந்துக்கடை அம்மாவைப் பார்த்தபோது அந்த அம்மாவே சொல்லிவிட்டார். சாமான் இறக்க வந்த வேன் பீப் பீப் என்று சத்தம் போட்டுக்கொண்டே பின்னால் வந்திருக்கிறது, இவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையிலிருந்த சாவியை ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார், அந்த அம்மா ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்ததால் தையலோடு போயிற்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை, வேறு யாருடைய கால்சட்டையையோ குட்டையாக வெட்டிவிட்டேன்.

காது மெஷின் வாங்கிக்கொள்ளலாம் என்று எத்தனை விதமாகச் சொன்னேன் தெரியுமா. நல்லவிதமாகச் சொன்னேன், கத்தினேன், பேசாமல் இருந்து பார்த்தேன், நான் பேசாமல் இருந்தது அவருக்குத் தெரியவே இல்லை. எனக்கு ஒன்றுமில்லை, இந்தக் காலத்தில் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்று முடித்துவிடுவார். வேறு வழி தெரியாமல் குரூப்பில் எழுதினேன். வீட்டுக்காரருக்குக் காது கேட்பதில்லை, மெஷின் போட மாட்டேன் என்கிறார், வண்டியில் அடிபடப் பார்த்தார், எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று ஊர், பேர், தொழில் எதுவும் சொல்லாமல் எழுதினேன். வந்த பதில்களைக் கேள். கேட்காத புருஷன் கிடைக்கக் கொடுத்து வைக்க வேண்டும், வேண்டாமென்றால் இங்கே அனுப்புங்கள் என்று ஒருத்தி. சாப்பாடு ஆயிற்று என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், எழுந்து வந்தால் மனுஷன் நடிக்கிறார் என்று ஒருத்தர். காதுக்கு விடுகிற தைலம் ஒன்று தன்னிடம் இருப்பதாக ஒருத்தர் விலையோடு போட்டார். ஒரு மகாராசி, சொன்ன பேச்சைக் கேட்காதவரோடு எதற்குக் குடித்தனம் என்று நேராக வக்கீல் வரைக்கும் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, சலிப்பும் வந்தது.

அதற்குக் கீழே 'துருப்பிடிக்காதவன்' என்கிற பெயரில் நீளமாக ஒரு பதில். அதை எடுத்துவைத்திருக்கிறேன், அப்படியே எழுதுகிறேன். "அம்மணி, உங்கள் வீட்டுக்காரர் மெஷினுக்குப் பயப்படவில்லை. நானும் அதே கேஸ்தான், அதனால் சொல்கிறேன். தூரத்தில் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். ஃபோனில் அவள் பேசுவது தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருக்கிறது. ஒரு தடவை திரும்பச் சொல்லச் சொல்லலாம், மறுபடியும் சொல்லச் சொன்னால் பிள்ளைக்கு அலுத்துவிடும். அதனால் நல்லா இருக்கியா என்று கேட்டுவிட்டு அவள் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். இப்போது மெஷின் போட்டால், இத்தனை நாள் ஒன்றும் புரியாமல்தான் தலையாட்டினேன் என்று ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். உங்கள் ஆளுக்கும் இப்படி ஏதோ ஒன்று இருக்கும். உங்களுக்குக் காது போய்விட்டது என்று அவரிடம் சொல்லாதீர்கள். எனக்குத்தான் காது சரியில்லை, துணைக்கு வாருங்கள் என்று கூப்பிடுங்கள். தனக்காக வராதவன் பெண்டாட்டிக்காக வருவான். இது என் தாழ்மையான கருத்து, ஆனால் சரியான கருத்து."

கடைசி வரியைப் படித்ததும் உனக்கு யார் ஞாபகம் வந்ததோ அவரேதான். இந்த வீட்டில் அதைச் சொல்லாமல் என்றைக்காவது ஒரு பேச்சை முடித்திருக்கிறாரா. கடையில் ஃபோனை வைத்துக்கொண்டு செய்தி பார்ப்பதாக என்னிடம் சொல்லிவிட்டு, ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அதற்குக் கீழே யாரோ, சார், நீங்கள் மெஷின் போட்டுக்கொண்டீர்களா என்று கேட்டிருந்தார்கள். அதற்கு அவர், என்னை யாரும் துணைக்குக் கூப்பிடவில்லை என்று பதில் போட்டிருந்தார். அதைப் படித்துவிட்டு ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். நீ இங்கிருந்து கிளம்பிப் போனதில் அப்பாவுக்கு உன்மேல் கோபமா, இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லையே என்று நீ கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்ப் பிறகு கேட்பதையே விட்டுவிட்டாய். இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, எனக்கும் நிச்சயமாகத் தெரியாது பாப்பா. இப்போது தெரியும்.

அவர் சொன்னபடியே செய்தேன். எனக்குக் காது அடைத்த மாதிரி இருக்கிறது, பரிசோதனைக்குப் போக வேண்டும், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றேன். அன்றைக்கே கடையை அரைநாளில் பூட்டிவிட்டு வந்து நின்றார். அங்கே பரிசோதிக்கிற பெண்ணிடம் முன்னாலேயே பேசிவைத்திருந்தேன். கண்ணாடி போட்ட சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னாள். எனக்கு முடிந்ததும், கூட வந்தவர்களுக்கும் பார்ப்பது வழக்கம் என்று சாதாரணமாக அவரையும் உள்ளே கூப்பிட்டாள், அவரும் சட்டையைச் சரிசெய்துகொண்டு போய் உட்கார்ந்தார். நான் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பொத்தான்மேல் கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், அந்தப் பெண் வெளியிலிருந்து சத்தத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறாள், விரல் அசையவே இல்லை. பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. அவருக்கு இரண்டு காதும் மந்தம் என்று அந்தப் பெண் அவருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள், அது தெரிந்ததுதான். அம்மா, உங்களுக்கும் இடது காதில் குறை இருக்கிறது, இப்போதே மெஷின் போட்டுக்கொள்வது நல்லது என்றாள். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை, இந்தக் காலத்தில் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்று படபடவென்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வசனம் என்று உறைத்தது. அப்பா என் பக்கம் திரும்பிப் பொறுமையாகச் சொன்னார்.

"வெக்கப்படாத. நீ போட்டுக்கிட்டா நானும் போட்டுக்கிறேன்."

இரண்டு பேரும் மெஷினுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தோம். வழியெல்லாம் எனக்கு மனசு உறுத்தியது, ஏமாற்றிக் கூட்டிவந்தது ஏமாற்றினதாகவே இருக்கட்டும் என்று விட முடியவில்லை. செருப்புக்கடை வாசலில் கூட்டம் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி, அவருடைய முகத்துக்கு நேராக நின்று, துருப்பிடிக்காதவன் நீங்கள் என்று எனக்குத் தெரியும், ஊசிநூல் நான்தான் என்று சொன்னேன். அவர் சொன்னார்.

"அந்தப் பொம்பள பாவம், என்ன பாடுபடுறாளோன்னு இத்தனை நாளா நினைச்சுக்கிட்டே இருந்தேன். அது நீயா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவரே மெதுவாக நடக்க ஆரம்பித்தார், நானும் கூட நடந்தேன். அந்தக் குரூப்பில் எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று காதோரமாக உரக்கக் கேட்டேன். கடைக்கு வந்த யாரோ ஒருத்தர் காட்டிக்கொடுத்தாராம். அங்கே எல்லாரும் எழுதித்தான் பேசுகிறார்கள், யாரையும் இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டியதில்லை, ஜோக் அடித்தால் எல்லாரோடும் சேர்ந்து அதே நேரத்தில் சிரிக்க முடிகிறது, கடைசியாக அப்படிச் சிரித்தது எப்போது என்று ஞாபகமில்லை என்றார். அந்தக் குரூப்பில் போகிற வெட்டிப்பேச்சையெல்லாம் நான் இனிமேல் குறைசொல்ல மாட்டேன்.

மெஷின் வந்து மாட்டிக்கொண்டாயிற்று. முதல் வாரம் இரண்டு பேரும் பித்துப் பிடித்த மாதிரி இருந்தோம். ஃப்ரிட்ஜ் இப்படி உறுமுமா என்கிறார், குழாய் சொட்டுவதைக் கேட்டு எழுந்துபோய் வாஷர் மாற்றினார், என் தையல் மெஷின் சத்தத்துக்கு முகம் சுளித்துக்கொண்டு கடைக்குச் சீக்கிரமாகவே கிளம்பிவிடுகிறார். எனக்கு மாடியில் குடியிருக்கிற ஜோடியின் சண்டை முழுசாகக் கேட்கிறது, இத்தனை காலம் அவர்களை எவ்வளவு அந்நியோன்னியம் என்று மெச்சிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு நஷ்டம், முன்பெல்லாம் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே அவரைப் பற்றி உன்னிடம் ஃபோனில் என்ன வேண்டுமானாலும் சொல்லுவேன், இப்போது உள்ளறையில் இருந்தால்கூடக் கேட்டுவிடுகிறது. அதனால்தான் கடிதம். பாப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார், ஆகையால் நீ ஒன்றும் தெரியாத மாதிரியே இரு. அவர் வெயில், மழை, கடை வாடகை என்று சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வருவார், அவசரப்படுத்தாதே. கத்தியும் பேசாதே, உன் சிநேகிதியிடம் பேசுவது மாதிரி பேசு.

உன் வேலையில் யார் என்ன சொன்னாலும் மனசில் வைத்துக்கொண்டு புழுங்காதே, நீ சரியாகத்தான் செய்வாய், எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. பல்வலி என்றாயே, தள்ளிப் போடாமல் போய்க் காட்டு, துணை வேண்டுமென்றால் யாரையாவது கூப்பிடு, கூப்பிட்டால் வருவார்கள். நீண்ட ஆயுசோடு, நல்ல தூக்கத்தோடு, சிரித்த முகமாக இரு, எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் எப்போதும் உன்மேல் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபோன் வரும், மறக்காமல் எடு, கூப்பிடுவது அப்பா. கொஞ்ச நேரத்தில் பழக்கதோஷத்தில், இரு, அம்மாகிட்ட கொடுக்கிறேன் என்பார். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். நான் அங்கே இருக்க மாட்டேன், பையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போயிருப்பேன், மத்தியானம்தான் வருவேன். நீங்கள் பேசிக்கொண்டிருங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா